முதல் வில்: பவுண்டு குறைவாக, அளவு சரியாக

விஜயதசமியன்று சாமி புறப்பட்டுப் பொட்டலுக்குப் போய் அம்பு போடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. காரைக்குடியில் ஒரு திடலுக்கே மகர்நோன்புப் பொட்டல் என்றுதான் பெயர். இன்று இங்கே வில் வாங்க ஆசைப்படும் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆசை கைப்பேசியில் பார்த்த வேட்டை வீடியோக்களிலிருந்து வருகிறது. அங்கே காட்டுவது நாணை இழுக்கவே 60, 70 பவுண்டு கனம் வேண்டியிருக்கும் காம்பவுண்ட் வில், அதாவது இரு நுனியிலும் கேம் என்ற சக்கரம் சுழலும் வில். அதையே முதல் வில்லாக வாங்குகிறார்கள். மூன்று மாதத்தில் தோள் வலிக்கிறது, வில் பரணுக்குப் போய்விடுகிறது. இந்த வழிகாட்டி அதைத் தவிர்ப்பதற்குத்தான்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் வேட்டை குற்றம். முயல், கௌதாரி, மயில் எதற்கும் விலக்கு இல்லை. மயில் முதல் அட்டவணையில் இருப்பதால் குறைந்தது 3 ஆண்டு சிறை. எய்து தவறவிட்டாலும் முயற்சியே குற்றம்தான். வயலை அழிக்கிற காட்டுப்பன்றியையும் நீங்களாக எய்யக் கூடாது. வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணில் வில் பிடிப்பவரின் இலக்கு வைக்கோலும் காகிதமுமாகத்தான் இருக்க வேண்டும். வில்வேட்டைக்கு அனுமதி உள்ள நாட்டில் போய்க் குடியேறப் போகிறவர்களுக்கும் இங்கே சொல்லும் முதல் படிகள் அப்படியே பொருந்தும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு 35 அல்லது 40 பவுண்டாவது இருக்க வேண்டும் என்று விதி. அந்த எண்ணைத் தொடக்கமாக நினைக்காமல், ஓராண்டு கழித்துச் சேரும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கை, எந்தக் கண்

கடையில் முதலில் கேட்பது வலக்கை வில்லா, இடக்கை வில்லா என்று. வலக்கை வில் என்றால் இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாண் இழுப்பது. எழுதும் கை எது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், கண்ணையும் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல் இடுக்கில் சின்ன முக்கோண ஓட்டை வருமாறு சேர்த்து, அதன் வழியே எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இரு கண்ணும் திறந்திருக்கட்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண்.

கையும் கண்ணும் ஒரே பக்கம் என்றால் சிக்கல் இல்லை. வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் உள்ளவர், தொடக்கத்திலேயே என்றால் இடக்கை வில்லுக்குப் போவது நல்லது. இரண்டு வாரம் கை தடுமாறும், பிறகு பழகிவிடும். வலக்கை வில்லையே வைத்துக்கொள்வதென்றால் இடக்கண்ணை மூடியோ மறைத்தோ எய்ய வேண்டியிருக்கும். இதைப் பார்க்காமல் வாங்குகிறவர்களுக்கு அம்பெல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கும். காரணம் தெரியாமல் வில்லைக் குறை சொல்வார்கள்.

இழுப்பு நீளம்

நாணை முழுவதும் இழுத்துப் பிடிக்கும் தூரம்தான் இழுப்பு நீளம். சுவரில் முதுகு ஒட்டி நின்று, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளக்கச் சொல்லுங்கள். இழுத்துப்பிடித்து நீட்டாமல் இயல்பாக விரித்தால் போதும். வந்த அளவை 2.5ஆல் வகுங்கள். 65 அங்குலம் என்றால் இழுப்பு நீளம் 26. இது தோராயம்தான், ஒரு மாதம் எய்து உடல் நிலைப்பட்ட பிறகு அரை அங்குலம் முக்கால் அங்குலம் கூடும்.

இந்த எண் தெரிந்தால் ரிகர்வ் வில்லின், அதாவது சக்கரம் இல்லாமல் நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்லின், நீளம் தெரிந்துவிடும். இழுப்பு 26க்குக் கீழே என்றால் 64 அல்லது 66 அங்குல வில். 26 முதல் 28 வரை 66 அல்லது 68. அதற்கு மேல் 68 அல்லது 70. இரண்டுக்கும் நடுவில் நின்றால் நீளமானதை எடுங்கள். குட்டையான வில்லை நீள இழுப்புக்காரர் இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நெரிக்கும், கடைசி இரண்டு அங்குலத்தில் கனம் திடீரென ஏறும். வளரும் பிள்ளைகளுக்கு அடுத்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்து என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி. வில்லுக்குச் சரிவராது. நடுப்பிடியை வைத்துக்கொண்டு, அதன் மேலும் கீழும் வளைகிற பாகமான லிம்பை மட்டும் மாற்றுகிற வகையாக வாங்கிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

பவுண்டு

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

20 பவுண்டு என்பது ஏறத்தாழ 9 கிலோ. ஒரு நாளைக்கு 60 அம்பு எய்தால் 540 கிலோவுக்கு மேல் முதுகும் தோளும் இழுத்திருக்கும். 40 பவுண்டு வில்லில் அதே 60 அம்பு 1,080 கிலோவைத் தாண்டும். மூட்டை தூக்கிப் பழகியவருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறவருக்கும் இது பொருந்தும். வில் இழுப்பது தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகள். அன்றாட வேலையில் அவற்றுக்கு இப்படி ஒரு பழக்கம் கிடைப்பதில்லை. புஜத்து வலிமையால் இழுக்கப் பழகியவர் பிறகு அதை மறப்பது கடினம்.

விரலில் தாங்கும் கனத்தைப் பொறுத்துத் தொடக்க அளவுகள் இவை: 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 14 பவுண்டு. பதின்ம வயதினருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் 16 முதல் 20. வளர்ந்த ஆண்களுக்கு 20 முதல் 24. இதற்கு மேல் முதல் வில்லாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம், எவ்வளவு உடல்வாகு இருந்தாலும்.

விரலில் தாங்கும் கனம் என்றதைக் கவனியுங்கள். லிம்பில் அச்சிட்டிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு 26 என்றால் 24 பவுண்டு லிம்ப் உங்கள் கையில் ஏறத்தாழ 21தான் காட்டும். 30 அங்குலம் இழுக்கிற உயரமானவருக்கு அதே லிம்ப் 27க்குப் போய்விடும். இந்த எடை வகை வில்லில் ஒரு அங்குலத்துக்கு ஒன்றரைப் பவுண்டு கூடக்குறைய என்று வைத்துக்கொள்ளலாம். சரியாகத் தெரிய வேண்டுமென்றால், வெளிநாடு போகிறவர்கள் பெட்டி நிறுக்க வைத்திருக்கும் டிஜிட்டல் தொங்கு தராசே போதும். கொக்கியை நாணின் நடுவில் மாட்டி, உங்கள் இழுப்பு நீளம் வரை மெதுவாக இழுத்து எண்ணைப் பாருங்கள். கொக்கி நழுவாமல் இருக்க வேண்டும். நாணை மெதுவாகவே திரும்ப விடுங்கள்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை. வில்லை இலக்கு நோக்கிக் கிடைமட்டமாக நீட்டி, வானத்தைப் பார்க்கத் தூக்காமல், நேராகத் தாடைக்கு இழுங்கள். 15 வினாடி பிடியுங்கள். பிடித்தபடியே நாணை மெதுவாகத் திரும்ப விடுங்கள். இதை ஐந்து முறை, நடுவில் அரை நிமிட ஓய்வுடன். முன்தோள் காதை நோக்கி ஏறினாலோ, தலை நாணைத் தேடி முன்னால் போனாலோ, ஐந்தாவது முறை கை நடுங்கினாலோ அந்த வில் கனம். நாலு பவுண்டு குறைத்துக் கேளுங்கள். வில்லைத் தூக்கி மேலிருந்து கீழாக இழுத்தால்தான் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அது உங்கள் வில் இல்லை. அம்பு இல்லாமல் நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் லிம்புக்குள் திரும்பி, விரிசல் விட வைக்கும். காம்பவுண்டில் ஒரே ஒரு முறை அப்படி விட்டாலே கேம் வளைந்து கேபிள் தெறிக்கலாம்.

எந்த வகை

செட்டிநாட்டில் இருந்து பழகப்போகிறவருக்கு எங்கள் பதில் மூன்றாகக் கழற்றும் ரிகர்வ். நடுவில் ரைசர், மேலும் கீழும் லிம்ப். காரணம் எளியது: நாண் மாற்றுவது, லிம்ப் மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே முடியும். பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஐஎல்எஃப் (லிம்ப் மாட்டும் பொது அமைப்பு) வைத்த 25 அங்குல ரைசர் வாங்குங்கள். அது எல்லாத் தயாரிப்பாளர்களின் ஐஎல்எஃப் லிம்பையும் ஏற்கும். குட்டை லிம்ப் போட்டால் 66, நடுத்தரம் 68, நீளம் 70 அங்குல வில். பணம் குறைவென்றால் மரப்பிடி ரிகர்வ் போதும். ஆனால் அதற்கு அடுத்த பவுண்டு லிம்ப் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அது ஆறு மாதப் பொருள்.

பள்ளிப் போட்டிக்குப் போகிற பிள்ளை என்றால் இந்தியன் ரவுண்டு என்றொரு பிரிவு இருக்கிறது. மூங்கில், மர வில்லில் 30, 50 மீட்டர் எய்வார்கள். வில்லும் அம்பும் விலை குறைவு, நுட்பம் நன்றாகப் படியும். பயிற்சியாளர் அந்தப் பிரிவைச் சொன்னால் தயங்காமல் எடுங்கள்.

காம்பவுண்டின் கவர்ச்சி புரிகிறது. இரண்டு பக்கமும் உள்ள கேம் சுழன்று, முழு இழுப்பில் கனத்தை விட்டுக்கொடுக்கும். 75 சதவீதம் விட்டுக்கொடுக்கிற 50 பவுண்டு வில்லைப் பிடித்து நிற்க 12.5 பவுண்டு தாங்கினால் போதும். ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் 50 பவுண்டு முழுவதையும் கடந்தே ஆக வேண்டும். பெரும்பாலானவற்றை விரலால் எய்வது சரிவராது, ரிலீஸ் என்ற கொக்கிக் கருவி வேண்டும். நாண் அறுந்தால் வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரெஸ் இல்லாமல் மாற்ற முடியாது. பக்கத்தில் பிரெஸ் வைத்திருப்பவர் இல்லாதபோது ஒரு நாணுக்காக வில்லைப் பார்சல் அனுப்பிக் காத்திருக்க நேரும். காம்பவுண்டுதான் வேண்டும் என்று தீர்மானமாக இருந்தால், பவுண்டையும் இழுப்பு நீளத்தையும் பிரெஸ் இல்லாமல் பெரிய வீச்சில் மாற்றக்கூடிய தொடக்கநிலை வில்லாகப் பார்த்து, அதை 30க்குக் கீழே இறக்கி வைத்துத் தொடங்குங்கள்.

அம்மான் கொண்டுவந்த வில்

நம் பக்கத்தில் பாதி வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருப்பார்கள். ஊருக்கு வரும்போது அவர் பயன்படுத்திய வேட்டைக் காம்பவுண்டைப் பிள்ளைக்கு என்று கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அன்பாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அதனால் இதையெல்லாம் பாருங்கள்.

இழுப்பு நீளம். காம்பவுண்டில் கேம் நிற்கிற இடத்தில்தான் இழுப்பு நிற்கும். அவருக்கு 29, உங்களுக்கு 26 என்றால் நாண் தாடையைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போகும், நீங்கள் பின்பக்கம் சாய்வீர்கள், விடும்போது நாண் முன்கையைச் சீவும். கேமில் உள்ள துளைகளோ, மாற்றி மாட்டும் மாட்யூல் துண்டோ 26க்கு இறங்குமா என்று மாடல் பெயரை வைத்துத் தேடுங்கள். இறங்காதென்றால் அந்த வில் உங்களுக்கு ஆகாது, வேறு வழியில்லை.

அடுத்து உச்சக் கனம். லிம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் பெரும்பாலான வில்களில் 10 பவுண்டுதான் குறையும். 70 பவுண்டு வில் 60 ஆகும், 25 ஆகாது. அதற்கு மேல் போல்ட்டைத் தளர்த்தினால் லிம்ப் கழன்று முகத்தில் அடிக்கும்.

பிறகு லிம்பின் இரு விளிம்பிலும் ஒரு பஞ்சு உருண்டையை நீளவாக்கில் தடவுங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே சிம்பு எழுந்திருக்கிறது, விரிசல் தொடங்கியிருக்கிறது. அந்த லிம்பை இழுக்கவே கூடாது. நாணும் கேபிளும் பூசணம் பிடித்தது போல் முசுமுசுவென்று இருந்தால் மெழுகு தடவிப் பார்க்கலாம். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். கேம் ஆடுகிறதா, நாண் கேமின் பள்ளத்துக்கு நடுவில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பல வருடம் பரணில் கிடந்த வில் என்றால் நாணை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கூடவே பிளேடு வைத்த வேட்டை முனைகள் வந்திருந்தால் அவற்றைத் தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள். வைக்கோல் இலக்கை அவை அறுத்துவிடும், பிடுங்கும்போது கையையும் அறுக்கும்.

அம்பு

நூறு ரூபாயில் எழுபதை வில்லுக்கும் முப்பதை அம்புக்கும் மற்றவற்றுக்கும் வையுங்கள். சுமாரான வில்லும் பொருத்தமான அம்பும் சேர்ந்தால் கூட்டமாகக் குத்தும். நல்ல வில்லில் பொருந்தாத அம்பு சிதறத்தான் செய்யும்.

பொருத்தம் என்பது ஸ்பைன், அதாவது அம்பின் வளையாத தன்மை. அம்புத் தண்டை 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறதோ அதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 500 என்றால் அரை அங்குலம் வளைகிறது. 1000 என்றால் ஒரு அங்குலம். எண் கூடக்கூட அம்பு நெகிழ்வு. 20 முதல் 24 பவுண்டு ரிகர்வுக்கு 900, 1000 பக்கம் வரும். 60 பவுண்டு காம்பவுண்டுக்கு 340, 400 பக்கம். நெகிழ்வான அம்பைக் கனமான வில்லில் ஏற்றினால் விடும் நொடியில் கார்பன் உடைந்து முன்கைக்குள் இறங்கும். அம்மான் வில்லுக்குப் பிள்ளையின் அம்பைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

நீளம், உங்கள் இழுப்பைவிட இரண்டு அங்குலம் கூடுதல். குட்டையாக இருந்தால் இழுக்கும்போது முனை, அம்பு உட்காரும் ரெஸ்டை விட்டுப் பின்னால் நழுவி, அம்பு கையைத் துளைக்கும். இழுப்பு இன்னும் நிலைப்படாத தொடக்கக்காரருக்கு அந்த இரண்டு அங்குலம் கட்டாயம். எண்ணிக்கை குறைந்தது ஆறு. எட்டு இருந்தால் நிம்மதி. கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இரு நுனியையும் பிடித்து லேசாக வளைத்துச் சுழற்றுங்கள். சடசடவென்று சத்தம் கேட்டாலோ விரலில் சிலும்பு பட்டாலோ உடைத்துப் போட்டுவிடுங்கள். அப்படியே வைத்திருந்தால் இன்னொருவர் எடுத்து எய்துவிடுவார். அலுமினியம் வளையும், ஆனால் வளைந்தது கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது நல்லது.

மற்றவை

விரல் டேப், முன்கைக் காப்பு, நாணேற்றும் கயிறு, இடுப்பில் மாட்டும் அம்பறாத்தூணி, நாண் மெழுகு, ஆலன் கீ. குறிபார்க்கும் சைட், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர், முழு இழுப்பைச் சத்தத்தால் காட்டும் கிளிக்கர் எதுவும் முதல் மூன்று மாதம் வேண்டாம். நாணேற்றும் கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலுக்கு நடுவில் வில்லைக் கொடுத்து வளைத்து நாணேற்றுவதால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், நழுவினால் கண்ணுக்கு ஆபத்து.

எங்கே எய்வது

முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசலுக்கு நேர் வாசல் வைத்த வீடுகள் நம்முடையவை. நின்று பார்த்தால் எய்வதற்கென்றே கட்டியது போலத் தோன்றும். கூடாது. ஒவ்வொரு கட்டிலும் பக்கவாட்டு அறைகள் இருக்கின்றன, ஆச்சி எந்தக் கதவைத் திறந்து வளவுக்கு வருவார் என்று உங்களுக்குத் தெரியாது. கல்தூணில் பட்ட அம்பு எந்தப் பக்கம் திரும்பும் என்றும் சொல்ல முடியாது. ஊருணிக் கரை நல்ல மண் மேடுதான், ஆனால் தண்ணீருக்கும் மாட்டுக்கும் ஆட்கள் ஏறி இறங்கும் இடம்.

ஆள் நுழையும் வழி ஒன்றே ஒன்று இருக்கிற தோப்பு அல்லது மதில் சூழ்ந்த தோட்டம் பாருங்கள், அந்த வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இலக்குக்கு மூன்றடி அகலம், மூன்றடி உயரம், ஒன்றரை அடி கனம் வருமாறு வைக்கோலை மிதித்து இறுக்கிக் கயிற்றால் வரிந்து கட்டுங்கள். சணல் சாக்கில் பழைய துணியைத் திணித்தும் செய்யலாம்; பொத்தான், ஜிப், ஊக்கு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அம்பு முனை தெறிக்கும். பழைய ஃபோம் மெத்தை உதவாது, அம்பு ஊடுருவிப் போய்விடும். இலக்குக்கு ஒரு மீட்டர் பின்னால் பழைய ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துத் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் துளைத்துக்கொண்டு போகும். தொங்கினால் அம்பின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அதற்கும் பின்னால் மதிலோ மண் மேடோ இருக்க வேண்டும்.

முதல் வாரம் ஐந்து மீட்டர், இலக்குத்தாள் இல்லாமல். பிறகு பத்து மீட்டரில் 80 சென்டிமீட்டர் தாள். 68 அங்குல வில்லில் நாணுக்கும் பிடியின் ஆழமான இடத்துக்கும் இடையே எட்டரை முதல் ஒன்பது அங்குலம் இருக்கட்டும். குறைந்தால் நாணைக் கழற்றிச் சில முறுக்கு ஏற்றுங்கள், முன்கையில் நாண் அடிப்பதும் அதோடு குறையும்.

சித்திரை வெயிலில் கதவடைத்த காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள், லிம்பின் பசை இளகி அடுக்கு பிரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மர, மூங்கில் வில் ஈரம் வாங்கும். எய்து முடித்ததும் நாணை இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, சுவரில் சாய்க்காமல் படுக்க வையுங்கள்.

பவுண்டு ஏற்ற வேண்டிய நேரம் இப்படித் தெரியும்: 60 அம்பு எய்த பிறகும் கடைசி ஆறு அம்பு முதல் ஆறு அளவுக்கே நெருங்கி விழுந்து, மறுநாள் தோள் வலிக்காமல் இருந்து, அது மூன்று வாரம் தொடர்ந்தால் அடுத்த லிம்ப் வாங்குங்கள். ஒரு முறைக்கு இரண்டு, அதிகம் போனால் நான்கு பவுண்டு. லிம்ப் மாறினால் அம்பின் ஸ்பைனையும் மறுபடி பாருங்கள்.